நாலாம் செமஸ்டருக்குப் பெட்டி கட்டியது

டிசம்பர் 20

இரண்டு மாத இடைநீக்கம் முடிகிறது. ஜனவரி ஐந்தாம் தேதி செமஸ்டர் தொடக்கம், வரலாம் என்று கல்லூரியிலிருந்து கடிதம். ஒரு நிபந்தனை: என் வகுப்பில் படிக்கிற, தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதி நானே கொடுக்க வேண்டுமாம்.

மன்னிப்பா? மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் "பிட்டு அடிச்சு பாஸானவன்" என்றது அவன். சாப்பிட்ட தட்டாலேயே அடித்தேன். விழுந்த பிறகும் மிதித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. கேட்டதும் நிம்மதியாக இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

டிசம்பர் 23

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் இருந்தார். கடிதம் எழுதமாட்டேன் என்றேன். பெல்ட்டைக் கழற்றினார். நாலாவது அடியில் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். சுவரில் போய் மோதினார். இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். "முடிஞ்சுதா? சாப்பிட வாங்க."

டிசம்பர் 24

மல்லாந்து படுக்க முடியவில்லை. அப்பா தோளைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

டிசம்பர் 30

ஒருவழியாகக் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். தங்கை என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அதைப் படித்தாள்.

"இதுல முழுக்க உன் கஷ்டம்தான் இருக்கு. அடி வாங்கினவன் எங்கடா?"

"வாய மூடிட்டு அடுக்கு."

"அவன் பேருகூட இல்ல."

பெட்டியின் மூடியை ஓங்கி அறைந்தேன். அவள் கை உள்ளே இருந்தது.

கவனிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். கை உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்.

டிசம்பர் 31

வலது கையில் இரண்டு விரல் முறிவு. "கதவுல மாட்டிக்கிச்சு" என்று டாக்டரிடம் சொன்னாள், என்னைப் பார்க்காமல். அவளுக்கும் ஐந்தாம் தேதிதான் கல்லூரி. எப்படி எழுதுவாள்? இந்தத் தடவை எனக்கு நிம்மதி வரவில்லை.

ஜனவரி 2

தெரிந்தே செய்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வா. அவ ரூமுக்கு. உள்பக்கமா போடறது."

வாங்கி வந்தேன்.

"நீயே மாட்டு."

நாலு திருகு. தங்கை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்ததும் தாழ் விழுந்தது.

ஜனவரி 3

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக மூன்று வரி. தட்டால் அடித்தேன். விழுந்த பிறகும் மிதித்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மேலே அவன் பெயர், கீழே என் பெயர்.

ஜனவரி 5

முதல் வகுப்பு. சோடாபுட்டி முன்வரிசையில் இருந்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கடிதத்தை நீட்டக் கையைத் தூக்கினேன்.

அவன் இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கடிதத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.