முந்தி அடித்த மணி

ஹார்ட்பெக் மடம்,
28 அக்டோபர் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்ஜரி எழுதுவது. மூட்டுவலிக்குத் தைலம் தடவுகிறீர்களா, இல்லை சும்மா முனகிக்கொண்டிருக்கிறீர்களா?

இங்கே என் மானம் போயிற்று. இந்த வாரம் மணியடிப்பது என் முறை. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளச் சொன்னார்கள். நான் முன்னால் தள்ளிவிட்டேன்! இரண்டு மணி நேரம் முந்தி எல்லோரையும் எழுப்பிவிட்டேன். இங்கே காலை ஜெபம் முடியும்வரை யாரும் யாரோடும் பேசக் கூடாதே! அத்தனை சகோதரிகளும் வந்து, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு வேதாகமச் சங்கீதங்களைப் பாடி முடித்தார்கள். அப்புறம்தான் எண்பது வயது வினிஃப்ரெட் அம்மாள் என் காதைத் திருகினார்.

"அடியே, இனிமே சூரியனையும் நீதான் எழுப்பணும் போல!"

"தப்பான நேரம்னு தெரிஞ்சே ஏன் வந்தீங்க?"

"நீ மணி அடிச்சே. மணி அடிச்சா வரணும்."

என்னை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதா என்று அடுத்த வாரம் ஓட்டுப் போடுகிறார்கள். இந்த மணிக்கு அப்புறம் எனக்கு யார் போடுவார்கள்?

உங்கள் மார்ஜரி


லீட்ஸ்,
1 நவம்பர்

அன்பு மகளுக்கு,

நல்லதாகப் போயிற்று. அனுப்பிவிடுவார்கள், ரயிலேறி வந்துவிடு. கத்தோலிக்கர் மாதிரி நம் ஆங்கிலிக்கன் சபையிலும் கன்னியர் மடம் உண்டு என்பதை என்னோடு வேலை பார்க்கும் டெரெக் இன்னும் நம்பவில்லை. அம்மா போனபின் தேநீர்க் கெண்டியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடல் குளிரில் காய்ச்சல் வந்தால் உன்னை யார் பார்ப்பார்கள்?

அப்பா


ஹார்ட்பெக் மடம்,
9 நவம்பர்

அன்பு அப்பா,

ஒருவர்கூட மறுக்கவில்லை! வினிஃப்ரெட் அம்மாளும் நானும் சமையலறையில் ஆடினோம். முப்பதாம் தேதி, கடைசிவரை இங்கே சகோதரியாக வாழ்வேன் என்று ஆயர் முன்னால் வாக்குறுதி கொடுக்கிறேன். கோபத்தோடாவது வாருங்கள். நீங்கள் இல்லாமல் அந்த நாள் எனக்கு நிறையாது.

மார்ஜரி


லீட்ஸ்,
17 நவம்பர்

என் செல்ல மகளுக்கு,

பஸ் டிப்போவில் உன் மணிக் கதையைச் சொன்னேன். "எங்களை அப்படி எழுப்பியிருந்தா தோலை உரிச்சிருப்போம்" என்றான் டெரெக். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தப்பு என்று தெரிந்தும் உன்னைத் தனியாகப் பாடவிடாமல் அத்தனை பேரும் எழுந்து வந்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பார்க்கமாட்டார்களா? என் வயிற்றில் பால் வார்த்தார்கள், மகளே.

வருகிறேன். டெரெக்கும் வருகிறான், கண்ணால் பார்த்தால்தான் நம்புவானாம். கோவிலில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று எனக்குத் தெரியாது. வினிஃப்ரெட் அம்மாளைப் பக்கத்தில் உட்காரச் சொல்.

உன் கட்டிலைப் பக்கத்து வீட்டு எட்னாவின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இனி இங்கே வந்தால் விருந்தாளி மாதிரி சோபாவில்தான் படுக்க வேண்டும்.

சந்தோஷத்துடன்,
அப்பா