ஆடும் அலமாரி

சித்தப்பா,

இன்று வானத்தில் மழைக்கோளைப் பார்த்ததும் அம்மா மொட்டைமாடியில் இருக்கும் வாஷிங் மெஷின்மேல் உங்கள் நூலகத்தைப் போர்த்தினாள். நூலகம் என்றால் அந்தப் பிளெக்ஸ்தான். டிவி விவாதத்தின்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்குமே, அலமாரி நிறையப் புத்தகம் அச்சடித்தது. மடிப்பைப் பிரித்ததும் நீங்கள் முகத்தில் அப்பிக்கொள்ளும் பவுடர் வாசனை வந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சித்தப்பா படிச்சதெல்லாம் துணி துவைக்கப் போயிட்டும்மா" என்றேன். சிரித்தாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

பகலெல்லாம் சாலைக் கடைத்தெருவில் பாத்திர வியாபாரம். சாயங்காலம் குளித்து, ஜிப்பா மாட்டி, போனைக் குக்கர் பெட்டிமேல் சாய்த்து வைத்தால் நீங்கள் வேறு ஆள். சேனலில் உங்கள் பெயருக்குக் கீழே 'சமூக விமர்சகர்' என்று ஓடும். துறைமுகம், தெருநாய், கழக்கூட்டம் டிராஃபிக் நெரிசல், எதற்கும் உங்களிடம் ஒரு கருத்து சூடாக இருக்கும். "தெரியாதுன்னு ஒரு தடவை சொல்லிப் பாரு மக்கா, மறுநாள் கூப்பிட மாட்டான்" என்பீர்கள்.

அந்த அலமாரி மின்விசிறிக் காற்றில் அலையடிக்கும். அதை வைத்துத்தான் 'ஆடும் அலமாரி' என்ற கள்ளப்பெயரில் நான் கணக்குத் தொடங்கினேன். முதல் பதிவு: "இவருடைய புத்தகங்கள் எல்லாம் ஒன்றாக மூச்சு விடுகின்றன." நல்ல கூட்டம். மறுநாள் விசிறியை நிறுத்திவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் இரண்டில் இருந்ததை ஐந்தில் வைத்தீர்கள். "புத்தகம் பறக்குமே சித்தப்பா" என்றதற்கு, "பறக்கட்டும். ஏசுதவனும் பாக்கத்தானே செய்யுதான், கேட்டியா?" என்றீர்கள்.

அப்புறம் வந்தது உங்கள் 'சிங்கக்குரல் ரசிகர் மன்றம்'. நான் எது போட்டாலும் ஐந்து நிமிடத்தில் பாய்ந்து வரும். "அண்ணனின் அறிவைத் தாங்க முடியாமல் அலமாரியே நடுங்குகிறது, உனக்கென்ன?" என்று எழுதும். கழக்கூட்டம் ஐடி கம்பெனியில் வேலை இல்லாமல் ஏசியில் உட்கார்ந்திருக்கும் எவனோ என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் சண்டை. ஒருநாள், "நாளைக்கு உனக்குப் பரீட்சை இருக்கும், போய்ப் படி" என்று எழுதியது. மறுநாள் எனக்குக் கெமிஸ்ட்ரி. சின்னப்பயல் என்று கிண்டலடிக்கிறான் போல என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பொன்முடி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லய வீடுகளைப் பற்றிய விவாதம். "பொன்முடி லயங்களில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவன் நான்!" என்று நீங்கள் மேசையைக் குத்தினீர்கள். அடுத்த நிமிடமே நான் எழுதினேன்: "பொன்முடி மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே வாந்தி வருகிறது என்று இறங்கி, வீட்டார் திரும்பும்வரை டீக்கடையில் எலுமிச்சம்பழம் முகர்ந்த வீரர் இவர்."

நம் வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாத விஷயம் அது. போட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஊரே சிரித்துவிட்டது. எலுமிச்சம்பழப் படமாக வந்து குவிந்தது. சிங்கக்குரல் வாயே திறக்கவில்லை. சேனலும் கூப்பிடவில்லை. அப்படியும் நீங்கள் தினமும் ஜிப்பா மாட்டிக்கொண்டு குக்கர் பெட்டி எதிரே உட்கார்ந்தீர்கள். "இன்னைக்கு விவாதம் இல்லையா சித்தப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். "லைன் பிஸியா இருக்கும்" என்றீர்கள். நான்தான் அந்த அலமாரி என்று சொல்ல மூன்று தடவை உங்கள் அறை வாசல்வரை வந்தேன். நான்காவது தடவைக்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை. ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா உங்கள் போனைக் கொடுத்து, "இதுல இருக்கிற கணக்கையெல்லாம் மூடிரு" என்றாள். திறந்தேன். சிங்கக்குரல் ரசிகர் மன்றம் உங்கள் போனில்தான் இருந்தது. உறுப்பினர் நீங்கள் ஒருத்தர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் உட்கார்ந்து அத்தனை சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு இப்போதும் ஒன்று புரியவில்லை. ரசிகர் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே? உங்கள் ஒரு விவாதத்தையும் நான் விட்டதில்லை. நன்றாகப் பேசினீர்கள் என்று ஒருநாளும் சொன்னதும் இல்லை.

என் பொன்முடிப் பதிவின் கீழே, எழுதி அனுப்பாமல் விட்ட பதில் ஒன்று கிடந்தது. பதிவு போட்ட அன்றைக்கே எழுதியிருக்கிறீர்கள்.

"மூணாவது இல்லை, நாலாவது வளைவு. ஏட்டி, நீயும்தானே என்கூட இறங்கி, பாதிப் பழத்தைப் பிடுங்கி முகர்ந்தே?"

அது உண்மை. பஸ்ஸென்றால் எனக்கும் குடல் புரளும். வகுப்பில் யாருக்கும் தெரியாது. அங்கே நான் பெரிய சூரப்புலி. அதை ஊருக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் விரலை எடுத்துவிட்டீர்கள்.

கணக்கை நான் மூடவில்லை, சித்தப்பா. இன்று பிளெக்ஸின் நான்கு மூலையையும் கட்டிவிட்டுக் கீழே வந்து, அந்தப் பதிலை உங்கள் போனிலிருந்து ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன். என் போன் டிங் என்றது. அதற்குக் கீழே என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்: "ஆமாம், நாலாவதுதான்."

வகுப்புக்காரர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிரிக்கட்டும். நாளைக்குக் கழக்கூட்டம்வரை பஸ்ஸில் போக வேண்டும். பையில் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருக்கிறேன், முழுசாக.