தேவதை அரசன் செய்த குற்றம்

மார்ச் 4

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வில்லன் கிடைத்துவிட்டான். ஆளுக்கொரு வேஷம், பகடை, நான் சொல்லும் கதை: அதுதான் ஆட்டம். வில்லனுக்குக் குரலும் நான்தான். வில்லன், நாடு கடத்தப்பட்ட தேவதை அரசன். முள் கிரீடம், வண்டுப் படை, ஆறாத கோபம். தொண்டையைச் செருமி "அதாவது..." என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

என் மனைவியின் அண்ணனும் அப்படித்தான். தற்செயல்.

மார்ச் 5

தற்செயல் இல்லை.

மார்ச் 8

அரசன் அமோகம். "இவனைப் போட்டுத் தள்ளாம எனக்குத் தூக்கம் வராதுய்யா" என்றார் மருந்துக்கடைக்காரர். பல் டாக்டர் "அதாவது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டத்தில் அவள் வேஷமான வில்லாளி கடைசிவரை அம்பே விடவில்லை.

மச்சான் அடுப்படியில் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். எங்களோடுதான் இருக்கிறார், ஞாயிறு மாலை போக வேறு இடமில்லை. போன வருஷம்வரை கதை சொல்லி ஆட்டத்தை நடத்தியவர் அவர். நீக்கினோம்.

நீக்கினோமா? பன்மைதான் எவ்வளவு வசதி. மச்சான் பேச்சைக் கேட்டு டாக்டர் சலித்துக்கொள்கிறார் என்று மருந்துக்கடைக்காரரிடமும், அவர் சலித்துக்கொள்கிறார் என்று டாக்டரிடமும் சொன்னவன் நான். இருவருமே சலித்துக்கொள்ளவில்லை. கதை சொல்பவர் உட்காரும் அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது.

மார்ச் 11

"உங்க வில்லனுக்கு எங்கண்ணன் மூஞ்சி எதுக்கு?" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சி?" என்றேன். நான் அரசியலுக்குப் போயிருக்கலாம்.

மார்ச் 15

அரசனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன் மனைவியின் வில்லாளி கேட்டாள்: "உன்னை எதுக்குத் துரத்துனாங்க?"

என் குறிப்புகளைப் புரட்டினேன். அவன் பலம், கவசம், மந்திரம் எல்லாம் இருந்தன. குற்றம் மட்டும் இல்லை. யோசிக்கவே இல்லை — ஏன் யோசிக்கவில்லை?

"தேவதைங்க பொய் சொல்லாதுன்னு நீங்கதானே விதி வச்சீங்க. சொல்லுங்க" என்றாள் மனைவி.

என் குறிப்புகளை மறைக்கும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அரசனின் குரலில் சொன்னேன்: "அதாவது... நான் நிறையப் பேசினேன்."

"அதுக்கா துரத்துனாங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் நாற்காலி மேல ஒருத்தனுக்கு ஆசை."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

டாக்டர் மெதுவாக மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சார், அண்ணன் பேச்சு பிடிக்கலைன்னு நீங்கதானே..."

"நானா? நீங்கதான் சொன்னீங்கன்னு இவர்..."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

மார்ச் 16

மன்னிப்புக் கேட்டேன். மச்சான் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாப்ள. அரசன் நல்லா வந்திருக்கான். படைக்குத்தான் தீனி போதாது, அவ்வளவு வண்டு எதைத் தின்னும்?"

அப்படியானால் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் கிண்டல் உட்பட. ஒரு அறை விட்டிருக்கலாம். வண்டுக்குத் தீனி கேட்கிறார், மனுஷன்.

மார்ச் 22

மச்சானை நாற்காலியில் உட்காரவைத்தோம். டீ நான் போட்டேன்.

"காடு. எதிர்ல அரசன்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான். உங்க முறை."

"காடு எப்படி இருக்கு, அண்ணா?" என்றார் டாக்டர்.

"இருட்டு."

முன்பெல்லாம் ஒரு மரத்தை விவரிக்கவே டீ ஆறிவிடும். இன்று ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க மச்சான்" என்றேன்.

சிரித்தார். கோபமே இல்லை.

"போதும் மாப்ள. உங்களுக்கு போரடிக்கும்."