நெத்திலிக்கு எத்தனை துளி

பேரணாம்பட்டு
5.8.2025

அன்புள்ள சம்பந்தியம்மா கங்கம்மாள் அவர்களுக்கு,

விஜயகுமாரி எழுதுவது. இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் என் மகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறாள். ஐந்து மாத வயிற்றோடு இருப்பவள் இதைக் கேட்டுப் பயப்படக் கூடாது.

போன ஞாயிறு ஸ்வேதா பேசினாள். "அம்மா, அத்த செஞ்ச சுறாப் புட்டு இருக்கே, ரெண்டு கரண்டி சோறு ஜாஸ்தி போய்டுச்சு" என்றாள். இந்த வீட்டில் நான் மீன் வாங்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனவள். உங்கள் கைக்கு அப்படியொரு ராசி போலும். சந்தோஷம்தான்.

அறிவியல் டீச்சராக இருந்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நிலக்கரிப் புகையோடு போகும் பாதரசம் கடலில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை உடம்பிலேயே தங்கும் விஷமாக மாற்றுகின்றன. நெத்திலிக்குள் ஒரு துளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நெத்திலி தின்ற மீனுக்குள் நூறு துளி. அப்படி நூறு மீன் தின்ற சுறாவுக்குள் பத்தாயிரம். கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் அஹமது பாஷா, தோல் பதனிடும் வேலையில் இருப்பவர், "குரோம் மருந்து ஏறின தோல எத்தினி தபா அலசினாலும் அது உள்ளயேதாம்மா நிக்கும்" என்பார். மீன் சதையில் பாதரசமும் அப்படித்தான். புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. தாய் தின்றது பிள்ளையின் மூளை வரை போகும்.

ஆகவே இனி எந்த மீனும் வேண்டாம். ஏழாம் மாத வளைகாப்பு வரை காத்திராமல் இந்த மாதமே அவளை இங்கே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
விஜயகுமாரி


காசிமேடு, சென்னை
12.8.2025

டீச்சரம்மாவுக்கு கங்கம்மாள் வணக்கம்.

எட்டாவதோட நின்னவ எழுதுறேன். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சிடாதீங்க.

கடிதம் வந்த அன்னிக்கே சுறாவ நிறுத்திட்டேன். எனக்கும் பேரப்பிள்ளைதானே. மீனே வேணாம்னு எம் பையன் ராகுலும் சொல்லிட்டான். இப்ப பொண்ணு வெறும் ரசஞ்சோறுதான் சாப்புடுது. பால் குடிச்சா வாந்தி. முட்டைய மோந்தாலே எழுந்து ஓடுது. எடை ஏறலன்னு நர்சம்மா திட்டுனாங்க.

நான் மீன் ஏலத்துல முப்பது வருஷம் நின்னவ. உங்க கணக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சுறாவுக்குப் பத்தாயிரம், சரி. நெத்திலிக்கு ஒண்ணுதானே? அப்புறம் நெத்திலி ஏன் வேணாம்? எழுத மறந்துட்டீங்களா?

அஞ்சு மணி நேரம் பஸ்ஸுல இந்த மாசமே அனுப்பணும்னு சொல்றது எதுக்குன்னும் புரியல. பதில் போடுங்க.

கங்கம்மாள்


காசிமேடு
26.8.2025

டீச்சரம்மாவுக்கு,

உங்க பதில் வரல. பொண்ணு நாளுக்கு நாள் இளைக்குது. நர்சம்மாவையே போய்க் கேட்டேன். "சுறா மாதிரி பெரிய மீனத்தான் நிறுத்தச் சொல்றது. நெத்திலி, மத்தி வாரத்துக்கு ரெண்டு தரம் தாராளமா குடு. பிள்ளைக்கு நல்லது. இதுகூட தெரியாம யாரும்மா உனக்குச் சொன்னது?" அப்டின்னாங்க. நான் உங்க பேரச் சொல்லல.

நேத்து நெத்திலிக் குழம்பு. தட்ட வழிச்சுச் சாப்பிட்டுச்சு. "இது சாப்டலாமா அத்த"ன்னு கேட்டுச்சு. "உங்கம்மாதான் சின்ன மீன் நல்லதுன்னு எழுதுனாங்க"ன்னு சொன்னேன். "எங்கம்மாவுக்குத் தெரியாதது இன்னா இருக்குது"ன்னு சிரிச்சுச்சு. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. நமக்குள்ள இருக்கட்டும்.

கங்கம்மாள்


பேரணாம்பட்டு
2.9.2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று முழுவதும் கோபமாக இருந்தேன், அதுவும் உங்கள்மேல். என் மகளுக்குப் பிடித்ததைச் சமைத்தது போதாதென்று என் மானத்தையும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டுமா என்று தோன்றியது.

நான் மறக்கவில்லை. நெத்திலியைப் பற்றிய பாதிப் பாடத்தைத் தெரிந்தேதான் விட்டேன். சின்ன மீன் நல்லது என்று எழுதினால் அவளை இப்போதே அழைத்துவர எனக்குக் காரணம் இருக்காது. உங்கள் முதல் கேள்வி வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் பேசாமல் இருந்தேன். அந்த நாட்களில் அவள் அரைப் பட்டினி கிடந்தாள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பெடுத்தவள், பெற்ற மகளுக்கு இதைச் செய்தேன்.

நேற்று ஸ்வேதாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். நீங்கள் மறைத்ததையும் சேர்த்து. முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அத்தைக்காவது இன்னான்னு கேக்கத் தோணிச்சேம்மா" என்றாள். பிரசவத்துக்கு இங்கே வருவாயா என்று கேட்டேன். "அத்தகிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. அவள் உங்களிடம் கேட்கும்போது எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அதைத் தாங்கும் மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

வளைகாப்புக்கு வருகிறேன். பக்கத்து ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து வருவதற்கு ஒரு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. திரும்புவதற்கு இன்னும் போடவில்லை. ஒன்றா இரண்டா என்று ஸ்வேதா சொல்லட்டும்.

விஜயகுமாரி