கழுதைத் தலையைக் கழற்ற ஒரு நிமிடம்

அனுப்புநர்:
வலேரியா யப்லோன்ஸ்கி,
14, கால்வாய்த் தெரு,
ஹேன்லி ஃபெரி, ஓஹாயோ.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகர விளையாட்டரங்க அலுவலகம்,
ஹேன்லி ஃபெரி.

பொருள்: மியூல்ஸ் கூடைப்பந்து அணியின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் வேடத் தலையை ஒரு நிமிடம் கழற்ற அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மியூல்ஸ் அணி இந்தப் பருவத்தோடு ஊரைக் காலி செய்துகொண்டு அரிசோனா போவது தாங்கள் அறிந்ததே. அணியின் பெயருக்கேற்பக் கோவேறு கழுதை வேடமிட்டு, ஆட்டத்தின்போது பார்வையாளர்களை உற்சாகப்படுத்த ஆடுவது யார் என்பது தாங்கள் அறியாதது. பதினோரு வருடமாக அது நான்தான்.

2. வேடத்துக்குள் இருப்பவர் பேசக்கூடாது, ஆட்கள் முன் தலையைக் கழற்றக்கூடாது, தான் யாரென்று வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

3. முன்பெல்லாம் அதிர்ஷ்டத்துக்காகக் கழுதையின் இடது காதைத் தடவிவிட்டுத்தான் ஜனங்கள் உட்காருவார்கள். தடவித் தடவி வழுக்கையான காதை நான்கு முறை மாற்றித் தைத்தோம். அணி போகிறது என்ற அறிவிப்புக்குப் பிறகு தடவ ஆளில்லை. ஜனவரி 9 அன்று பார்வையாளர் இருக்கைகளின் 112ஆம் பகுதியிலிருந்து கடுகுச் சாந்து தடவிய பிரெட்சல் ரொட்டி ஒன்று என் முகத்தில் விழுந்தது. "ஊர வித்துத் தின்ன கழுதையே, போய்த் தொலை!" என்று கத்தியவர் என் அண்ணன் காசிமிர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், "கழுத மூஞ்சியிலயே போட்டேன் வலேரி, அசையாம நின்னுச்சு. வெக்கங்கெட்ட ஜென்மம், அங்க போயும் இப்படித்தான் ஆடும்" என்று சிரித்தார். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். வேறென்ன செய்ய?

4. வேடத்தின் ஜிப் முதுகில் இருக்கிறது. நானாகத் திறக்க முடியாது. திறந்துவிடுபவர் பிப்ரவரியிலேயே அரிசோனா போய்விட்டார். இப்போது யாராவது வரும்வரை அறையில் அப்படியே நிற்கிறேன். மார்ச் 6 அன்று ஐம்பது நிமிடம் நின்றேன். ஐயா, எனக்கு மூச்சு முட்டுகிறது.

5. தலையைக் கழற்ற அணி மேலாளரிடம் அனுமதி கேட்டதற்கு, "அரங்கம் நகரத்தோடது, அங்க கேளுங்க" என்றார். தங்கள் அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் கேட்டதற்கோ, "கழுத அணியோடதும்மா, அங்கயே கேளுங்க" என்றார்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் வேடம் பெட்டியில் ஏறிப் போகும். அங்கே அந்த வேடத்துக்குள் வேறொருவர் நுழைவார். வாய்ப்பூட்டு மட்டும் என்னோடு இங்கேயே இருக்கும், அதற்குக் காலக்கெடு இல்லை. அந்தக் கழுதை நான்தான், ஊரை விட்டு எங்கும் போகவில்லை என்று என் அண்ணனிடம்கூடச் சொல்ல முடியாது.

6. ஆகவே, ஏப்ரல் 10 அன்று இடைவேளையில், ஆடுகளத்தின் நடுவே ஒரு நிமிடம் தலையைக் கழற்ற அனுமதிக்க வேண்டுகிறேன். பேச மாட்டேன். 112ஆம் பகுதியைப் பார்த்து நிற்பேன், அவ்வளவுதான். பிரெட்சல் விழுந்தாலும் புகார் செய்ய மாட்டேன்.

7. இம்மனுவில் பெயர் எழுதியதே ஒப்பந்த மீறல் என்பதை அறிவேன். பென்சிலில் மூன்று முறை எழுதி அழித்தேன். இது பேனாவில் எழுதியது. ஏப்ரல் 10க்கு முன் தங்கள் பதில் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஹேன்லி ஃபெரி
நாள்: 22.03.2010

இப்படிக்கு,
வலேரியா யப்லோன்ஸ்கி
(மியூல்ஸ் அணியின் கழுதை)

நகல்: திரு. காசிமிர் யப்லோன்ஸ்கி,
பகுதி 112, வரிசை 6, இருக்கை 4.