தட்டாமல் எண்ணிய சிப்பிகள்

குக்ஸ்ஹாஃபன்,
அக்டோபர் 12.

அன்புள்ள ஜேசுரட்ணம் அண்ணைக்கு,

வணக்கம். நீங்களும் கொறற்றி அக்காவும் மகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஸ்டுட்கார்ட் வீட்டிலிருந்து கூப்பிட்டார். சலவைத் தொழிற்சாலையில் உங்களுக்கு வேலை கிடைத்ததாம். "நீங்கள் எழுதித் தந்த நற்சான்றாலதான் தங்கச்சி கிடைச்சது, கர்த்தர் உங்களை நல்லா வைச்சிருப்பார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் இனிக் கடல் பக்கமே போகமாட்டேன் என்பதாகவும், உங்கள் கைராசி கெட்டுவிட்டதாகப் புலம்புவதாகவும் சொன்னார்.

அண்ணை, இந்தக் கடலில் மறுபடி விதைக்க நீங்கள் வளர்த்த சிப்பிக் குஞ்சுகளில் ஒரு குறையும் இல்லை. குறை என் எண்ணிக்கையில்.

ஏப்ரலில் தேவாலயத்தில் மகளின் முதல் நன்மைச் சடங்குக்காக நீங்கள் ஸ்டுட்கார்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குஞ்சுகள் பிழைக்குமா என்று பார்க்கக் கடலடியில் இறக்கிய சோதனைக் கூண்டை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான்தான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களை அனுப்பினேன். திரும்பி வந்ததும், நான் கையெழுத்துக் கேட்டு நீட்டிய தாளைப் படிக்காமலே, "நீங்கள் எண்ணினால் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

அன்று படகில் வாந்தி எடுத்து எடுத்து நிற்க முடியவில்லை. சேறு அடைத்துச் செத்த சிப்பியும் மூடித்தான் கிடக்கும், ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் உயிர் இருக்கிறதா என்று அறிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தட்டவில்லை. மூடியிருந்ததையெல்லாம் உயிரோடு இருப்பதாக எழுதினேன். ஐந்நூறில் நானூற்று நாற்பது. அந்த எண்ணை நம்பித்தான் எல்லாக் குஞ்சுகளையும் கடலில் இறக்க அரசு அலுவலகம் அனுமதி தந்தது. உங்கள் ஒரு வருட உழைப்பு, நாற்பதாயிரம் குஞ்சு, அதே சேற்றில் இறங்கியது. ஜூலையில் கடலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கூண்டைத் தூக்கிச் சேற்றைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. விசாரணையில் குஞ்சுகள் பலவீனமானவை என்று முடிவு கட்டினார்கள். தட்டிப் பார்த்தீர்களா என்று உங்களைக் கேட்டபோது, நான் தனியாக எண்ணியதைக் காட்டிக்கொடுக்காமல் ஓம் என்றீர்கள். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேலையில் இரண்டு வருட நீட்டிப்பு. உங்களுக்கு வீட்டுக்குப் போகும் கடிதம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திட்ட அறிக்கைக்காகப் பழைய ஆவணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கால ஜெர்மனியின் பிரஷ்ய அரசு இந்தக் கரையின் சிப்பிப் படுக்கைகளைக் குத்தகைக்கு விட்டது, குறைந்ததும் பல வருடம் மூடியது, திறந்ததும் மறுபடி அள்ளினார்கள். வேறு நாட்டுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விதைத்தும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடமாக இந்தக் கடலுக்கே உரிய அந்தச் சிப்பி இங்கே இல்லை. அரசாங்கம் எண்ண எண்ண சிப்பி சாகும் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இந்த முறை எண்ணியது அரசாங்கம் இல்லை அண்ணை, நான்.

தொட்டியில் மிஞ்சிய உங்கள் குஞ்சுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. நேற்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாவற்றுக்கும் உயிர் இருக்கிறது. உங்கள் கைமேல் பழி சொல்லாதீர்கள்.

திட்ட இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் நீங்கள் படகில் இல்லாததும் வெளியே வரும். நான் கேட்டுத்தான் கையெழுத்திட்டீர்கள் என்று சேர்த்திருக்கிறேன். உங்களுக்குப் பாதகம் வருமே என்பதுதான் இத்தனை நாள் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் விசா போய்விடும் என்ற பயம். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். உங்கள் நன்மைக்காக வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லக்கூடியவர் நீங்கள்.

மகள் நன்றாகப் படித்து நீண்ட நாள் சுகமாக இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வரும் ஞாயிறும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகும் கூப்பிட்டால் எடுக்கிறேன். தெரியாமல் கூப்பிட்டால் எடுக்க என்னால் முடியாது, அண்ணை.

உங்களுக்குப் பிழை செய்த,
சுகன்யாதேவி