டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு என்று நினைத்தேன்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்களும் இங்கே நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, ஆனால் அந்த வரியை இந்தத் தடவை உன் அம்மா வேண்டுமானால் எழுதட்டும், நான் எழுதுவதாக இல்லை. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அவள் போன வாரமே வீடு வந்து சேர்ந்துவிட்டாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வரவில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பயப்படாதே, ஆபத்தைத் தாண்டியாயிற்று. ஆனால் நடந்ததை நடந்தபடி யாராவது உனக்குச் சொல்ல வேண்டாமா?

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று டாக்டரில் ஆரம்பித்துத் தரை துடைக்கிற அம்மா வரைக்கும் நான் கேட்காத ஆள் இல்லை. போன வாரம் ஒரு நாள் காலை அம்மாவின் கட்டைப் பிரித்துப் பார்த்த சிஸ்டர், வாசலில் நின்ற இன்னொரு சிஸ்டரிடம், "ஓரத்து பெட்டுக்கு டிஸ்சார்ஜ் இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள். எனக்குக் கால் தரையில் படவில்லை. கோர்ட்டில் இத்தனை வருஷம் மொழிபெயர்ப்பாளனாகக் குப்பை கொட்டியவன் நான், எனக்கு டிஸ்சார்ஜ் என்றால் விடுவிப்பு, குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டைப் பார்க்கப் போகலாம் என்று அர்த்தம். உடனே உனக்கும் உன் அண்ணனுக்கும் அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் என்று மெசேஜ் தட்டிவிட்டேன். அம்மா தலை வாரிக்கொண்டாள், போர்வையும் ஃபிளாஸ்கும் பைக்குள் போயாயிற்று, மிச்சமிருந்த ஆப்பிளைப் பக்கத்து பெட்டுக்காரியிடம் கொடுத்துப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நிற்கும்போது டாக்டர் வந்து, "எங்க சார் கிளம்பிட்டீங்க? தையல் போட்ட இடத்துல சீழ் வருது, திரும்பத் திறந்து சுத்தம் பண்ணணும்" என்றார். அம்மா மெதுவாகக் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த சிஸ்டரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "நான் உங்ககிட்டயா சார் சொன்னேன்? புண்ணுல இருந்து என்ன வடிஞ்சாலும் டிஸ்சார்ஜ்னுதான் சொல்லுவோம்" என்றாள்.

சரி, பிள்ளைகளுக்காவது உடனே சொல்லுவோம் என்று போனை எடுத்தால் சார்ஜ் இல்லை. சார்ஜர் பையின் அடியில், வார்டில் இருந்த பிளக் ஒவ்வொன்றிலும் எவரோ ஒருவர் போன் தொங்குகிறது. ஒருவழியாகக் கேன்டீனில் ஒரு பிளக் பிடித்து உயிர் கொடுத்துப் பார்த்தால், பஸ்ஸில் வந்துகொண்டிருந்த உன் அண்ணன் என் மெசேஜைப் பார்த்துவிட்டு, அதான் டிஸ்சார்ஜ் ஆயாச்சே, அடுத்த வாரம் வரேன்பா என்று அனுப்பிவிட்டுப் பாதி வழியிலேயே இறங்கித் திரும்பிப் போய்விட்டான். நீ பதிலுக்குக் குதித்தாடுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாய். அதற்குள் சம்மதக் காகிதத்தை நீட்டிவிட்டார்கள். அதில் எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டுத் தனியாக நின்று கையெழுத்துப் போடுவது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முடிவு தெரியாமல் உங்களைக் கூப்பிட்டுக் கலங்கடிக்கவும் துணியாமல், மனசை எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைப் போனில் இருக்கிற அகராதியில் தேடினேன். அடிப்படையில் அது ஒரு வண்டியாம் சிட்டு. லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல், அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவது, அதுதான் சார்ஜ். கார் என்பதும் கப்பல் சரக்கைச் சொல்கிற கார்கோவும் அந்த வண்டியிலிருந்து இறங்கினவைதான். துப்பாக்கியில் மருந்து ஏற்றினால் சார்ஜ், பாட்டரியில் மின்சாரம் ஏற்றினால் சார்ஜ், பஸ்ஸுக்கு நாம் கொடுப்பது சார்ஜ், ஒருவன் தலையில் பொறுப்பை வைத்தால் சார்ஜ், குற்றத்தை வைத்தாலும் சார்ஜ். ஏற்றினதை இறக்கினால் டிஸ்சார்ஜ், அது சரக்கானாலும் கைதியானாலும் சீழானாலும் அவர்களுக்கு ஒன்றுதான். நம்மிடம் விடுவிப்பு இருக்கிறது, சீழ் இருக்கிறது, யாருக்காவது குழப்பம் வருமா? ஆனால் நாம்தான் அந்தச் சொற்களை வாயில் வைப்பதில்லையே. படித்து முடித்ததும் கோபம் தணியவில்லை, என் தலைமேல் ஏறியிருந்ததை இறக்கிவைக்கப் பக்கத்தில் ஆள் இல்லையே என்று இன்னும் கூடத்தான் செய்தது.

மறுநாள் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மீட்டிங்ல இருக்கேன்பா என்று வைத்துவிட்டாய். அப்புறம் வீட்டுக்கு வந்து செட்டில் ஆயாச்சா என்று கேட்டு மெசேஜ் வந்தது. நான் விவரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா போனைப் பிடுங்கி, ஆச்சு என்று தட்டி அனுப்பிவிட்டாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, அந்தக் கையாலேயே! இது என்ன அநியாயம் என்று கேட்டதற்கு, "அவ லீவு போட்டு ஓடி வந்து நிப்பா, இப்பதான் வேலை நிரந்தரமாச்சு. நீங்க சீழ்னு ரெண்டு எழுத்துல சொல்லியிருந்தா இவ்வளவு ரகளையே இல்ல" என்று பழியை என் பக்கமே திருப்பிவிட்டாள். சீழ் என்று தெரிந்திருந்தால்தானே எழுதுவேன்! அன்று முழுக்க நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் அண்ணனிடம் மட்டும் அவளுக்குத் தெரியாமல் போன் செய்து நன்றாகத் திட்டினேன், நேற்று வந்து சேர்ந்தான், இப்போது மருந்து வாங்கப் போயிருக்கிறான்.

புண் இப்போது காய்ந்து வருகிறது, காய்ச்சல் இல்லை, பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடக்கிறாள். நாளையோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். நீ ஓடி வர வேண்டாம், லீவையும் வீணாக்காதே. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மெசேஜ் அனுப்பாதே, அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன் என்பாள். சரிம்மா என்று உடனே வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிரு. அவளே அழ ஆரம்பிப்பாள். அழட்டும், என்னிடம் அவள் அழமாட்டேன் என்கிறாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா